ரோவர்

போலந்தில் சைக்கிளுக்குப் பெயரே ‘ரோவர்’தான். ஓட்டுகிறவர் ‘ரோவெஜிஸ்தா’. நமக்குக் காரையோ நிலவில் இறங்கிய ஊர்தியையோ நினைவூட்டும் இந்தச் சொல், இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துக் கம்பெனி ஒன்று தன் சரக்குக்கு வைத்த பெயர்.

ஆங்கிலத்தில் ரோவர் என்றால் ஊர் ஊராகத் திரிபவர். கடற்கொள்ளையருக்கும் அதே பெயர் உண்டு. அது கொள்ளையடிப்பதைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. வண்டி விற்க வந்தவர்கள் திரிபவரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1883இல் ஸ்டார்லி அண்ட் சட்டன் கம்பெனி இந்தப் பெயரை முதலில் சூட்டியது ஒரு மூன்று சக்கர வண்டிக்கு. அன்றைய உயரச் சைக்கிளில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. 54 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு மிதிக்குச் சுமார் 14 அடி. வேகம் கூட வேண்டுமா, சக்கரத்தைப் பெரிதாக்கு. கல் இடறினால் தலைகுப்புறத்தான். பயந்தவர்கள் மூன்று சக்கரத்துக்குப் போனார்கள். விக்டோரியா மகாராணி 1881இல் ‘சால்வோ’ வண்டிகள் இரண்டு வாங்க, அது ‘ராயல் சால்வோ’ ஆகிவிட்டது. காசில்லாத விளம்பரம்!

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர் சேஃப்டி’ வந்தது. பெடலிலிருந்து செயின் பின்சக்கரத்துக்குப் போனதால், பல்சக்கரக் கணக்கே வேகத்தைப் பார்த்துக்கொண்டது. சக்கரம் சின்னதாக இருந்தால் போதும். பெயரிலேயே பாதுகாப்பு. ஆனால் வாலிபனுக்கு வேண்டியது வேகமாயிற்றே? அதற்காக அதே ஆண்டு செப்டம்பரில் 100 மைல் சாலைப் பந்தயம் விட்டுக் காட்டினார்கள்.

போலந்தில் இந்த வண்டி பரவியபோது கம்பெனிப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது, நம் வீடுகளில் வனஸ்பதி ‘டால்டா’ ஆன கதைதான்.

தமிழில்? திரிபவன் என்ற பொருளுக்கு ‘உலாவி’ அழகாகப் பொருந்தும், ஆனால் அதை இணையக்காரர்கள் பிரவுசருக்குப் பிடித்துக்கொண்டார்கள். ‘ஊர்சுற்றி’ வசவாகிவிட்டது. கம்பெனிப் பெயரை அப்படியே ரோவர் என்று விட்டுவிடுவதே நல்லது. பொருளுக்கு மிதிவண்டி இருக்கிறது. இலங்கையில் துவிச்சக்கரவண்டி, ஈருருளி என்றும் எழுதுவார்கள். முதல் ரோவரை மட்டும் ‘முச்சக்கரவண்டி’ என்று எழுதாதீர்கள். யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஆட்டோதான் கண்முன் வரும். ‘மூன்று சக்கர மிதிவண்டி’ போதும்.