பெட்டியில் 810 என்று எழுதியிருந்தால் போதுமா?

போன சோளகக் காற்று நேரம், கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் டப்லெட் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அண்ணை, இது மிலிட்டரித் தரமாம். ஆறு மாசம் போகேல்லை, சார்ஜ் ஏறுதில்லை." பெட்டியில் கொட்டை எழுத்தில் மில்-எஸ்டிடி-810ஜி என்று இருந்தது. சார்ஜ் துளைக்குள் செம்மண் புழுதி இறுகிப்போயிருந்தது. பின்களில் பச்சைக் களிம்பு.

கிளிநொச்சியில் திருத்தும் கடை வைத்திருக்கும் எனக்கு இது புதுக்கதை இல்லை.

முதலில் ஒன்று. 810 சான்றிதழே அல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1962இல் முதன்முதலாக வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு அது. ஜி பதிப்பு 2008இலும் எச் பதிப்பு 2019இலும் வந்தன. வெப்பம், ஈரப்பதம், உப்புப்புகை, மணல், அதிர்வு என்று முறைகள் பல. எதை, எந்த அளவில் செய்வது என்பதைப் பாவனைக்கேற்பத் தெரிவுசெய்யலாம். இராணுவம் வாங்கினால் அதுவே கேள்வி கேட்கும். கடைச் சாமானில் கம்பனியே தெரிவுசெய்து, தேறிவிட்டதாகத் தானே சொல்லிக்கொள்ளலாம். முத்திரை குத்தித்தர திணைக்களத்தில் ஆள் இல்லை.

விழுத்திப் பார்க்கும் சோதனையை எடுங்கள். 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 தடவை: 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை. ஆனால் ஜி பதிப்பின்படி அந்த 26ஐயும் ஐந்து கருவிகளுக்குப் பங்கு போடலாம். விழுவதும் கொங்கிறீற்றின் மேல் போட்ட இரண்டங்குல ஒட்டுப்பலகையில். எங்கள் கிரவல் ரோட்டில் யார் பலகை விரித்து வைத்திருக்கிறார்கள்?

இதைச் சொல்வதால் கடைச் சாமான் எல்லாம் மட்டம் என்றில்லை. இராணுவங்களே அதைத்தான் வாங்குகின்றன. 1994இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெரி, இராணுவத்துக்கென்று தனியாக எழுதிய விவரக்குறிப்புகளை முடிந்தவரை விட்டு, வணிகத் தரங்களுக்கு மாறச் சொன்னார். அப்புறம் கவச வண்டிக்குள் இருக்கும் சின்னக் கணினியிலும் நம் லப்டொப்பில் உள்ள இனத்துப் புரொசெசர் வந்து குந்திக்கொண்டது. வித்தியாசம் அதைச் சுற்றி இருப்பதில்தான். காற்றாடி கிடையாது, ஏனென்றால் புழுதியை உள்ளே இழுப்பதே அதுதான். சூடு உலோகத் தகடு வழியாகப் போய், வரிவரியான அலுமினியப் பெட்டியால் வெளியேறும். மெமரி, மின்சுற்றுப் பலகையிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். அந்தப் பலகைக்கு ஈரம் பிடிக்காத மெல்லிய பூச்சு. வயர்களின் முனைகள் முறுக்கிப் பூட்டுபவை. ஸ்டிக்கரை விட இவற்றைத் தேடிப் பாருங்கள். எந்த முறை, எத்தனை பாகை, எத்தனை கருவி என்று சோதனை அறிக்கையையும் கேளுங்கள். கேட்டதும் விற்பவர் முழித்தால் விஷயம் விளங்கிவிடும்.

வன்னியில் விழுந்து உடைவதை விட வெயிலில் செத்துப்போவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். லித்தியம் பற்றரியைப் பொதுவாக 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. மத்தியானம் பூட்டிய வாகனத்தின் டாஷ்போர்ட் அதைச் சுலபமாகத் தாண்டும்.

பெட்டியில் காணும் இன்னொரு குறி ஐபி67. அப்படியென்றால் புழுதி புகாது, ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணிநேரம் தாங்கும். ஆனால் அது நன்னீர்க் கணக்கு, முல்லைத்தீவுக் கடல்நீருக்குப் பொருந்தாது. கருவியை ஒருமுறை திறந்தால், தண்ணீர் புகாமல் விளிம்பை அடைக்கும் கஸ்கற்றையும் மாற்ற வேண்டும். நானே ஒருமுறை பழையதை வைத்து மூடி, கார்த்திகை மழையில் வாடிக்கையாளரின் கருவியைக் கொன்றிருக்கிறேன். காசு என் கையால்தான் போனது.

சரி, தம்பியின் டப்லெட். துளையை மாற்றிவிட்டு, அதை அடைக்கும் ரப்பர் மூடி எங்கே என்று கேட்டேன்.

"அது இடைஞ்சல் எண்டு முதல் கிழமையே பிச்சுப்போட்டன் அண்ணை."

அந்த மாடலுக்கு மூடி தனியாகக் கிடைக்கவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒன்று வெட்டி, நூலால் கட்டிக் கொடுத்தேன்.