விரலுக்கு எழுத்து ஒன்றுதான்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் அம்மிச்சியின் சமையலறை அலமாரியில் உப்புப் பொட்டணத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரைக்கு இரண்டு. கண்புரை முற்றிய பிறகு அவராகவே செய்துகொண்ட ஏற்பாடு இது. அதற்கு முன்னாலும் அந்தப் பொட்டணங்கள் அவரிடம் பேசியதில்லை. மேலே இருப்பது மலையாள எழுத்து, அம்மிச்சி படித்தது தமிழ். "கண்ணு, இது எந்தப் பொட்டணம்?" என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டே காலம் ஓட்டினார்.

அந்த ரப்பர் பேண்டு ஏன் வேலை செய்கிறது? விரல் நுனித் தோலுக்கடியில் பலவகை உணர்விகள் உள்ளன. மெர்க்கெல் செல்கள் விளிம்பையும் புள்ளியையும் அழுத்தமாக உணர்கின்றன. மெய்ஸ்னர், பசினியன் உணர்விகள் நகர்வையும் நுண் அதிர்வையும் பிடிக்கின்றன. மல் வேட்டியின்மேல் விரலை அசைக்காமல் வைத்துப் பாருங்கள், நெசவு தெரியாது. லேசாக இழுத்தால் உடனே தெரியும். ஆக, விரலுக்கான குறி என்றால் வழவழப்பான பரப்பில் சட்டென்று தட்டுப்படும் மேடோ வெட்டோ வேண்டும். ஜப்பானில் பால் அட்டைப்பெட்டியின் உச்சியில் அரைவட்டமாக ஒரு சின்ன வெட்டு இருக்கும். உள்ளே இருப்பது பால் என்று அது சொல்லும். திறக்க வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கம் என்றும் அதுவே சொல்லிவிடும். நம் பால் கவர்களோ நிறத்தை மட்டும் நம்புகின்றன. நீலமும் பச்சையும் விரலுக்கு ஒன்றுதான்.

சரி, மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில்? லூயி பிரெயில் 1829இல் தன் முறையை நூலாக வெளியிட்டார். புள்ளிகள் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் உயரம், அடுத்தடுத்த புள்ளிக்கு நடுவே சுமார் 2.5 மில்லிமீட்டர். விரல் நுனி இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதால் அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது.

இங்கேதான் எல்லைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைப் பார்க்கிறது. பிரெயிலில் ஓர் எழுத்துக்கு எண்ணிட்ட ஆறு புள்ளி இடங்கள். அதில் 1, 3, 6 ஆம் புள்ளிகள் எழும்பியிருந்தால் தமிழிலும் 'உ', மலையாளத்திலும் 'உ'. 1 முதல் 4 வரை எழும்பியிருந்தால் இரண்டிலும் 'ப'. உப்பு என்ற சொல்லும் இரு மொழிக்கும் பொதுதான். கண்ணுக்கு இரண்டு எழுத்தாகத் தெரிவது விரலுக்கு ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது! வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பெயர்ப்பலகை மாறும், புள்ளி மாறாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

சிக்கல் பொட்டணத்தில்தான். விறைப்பான அட்டையில் புள்ளி நிற்கும். ஐரோப்பாவில் மருந்துப் பெட்டியில் மருந்தின் பெயர் பிரெயிலில் இருக்க வேண்டும் என்பது 2004இல் வந்த விதி. மெல்லிய பிளாஸ்டிக் உறையிலோ மூட்டை மேல் மூட்டை ஏறியதும் புள்ளி அமுங்கிவிடும்.

அதனால் போன்வழியாகவும் முயல்கிறார்கள். பார்வையற்றோருக்காக உணவுப் பொட்டணத்தில் கியூஆர் குறி சேர்க்கும்படி நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பரிந்துரைத்தது. ஆனால் அந்தக் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படித் தேடுவது? ஸ்பெயினில் உருவான நாவிலென்ஸ் என்ற இன்னொரு வகைக் குறி இதற்கு வழி சொல்கிறது. அதில் பளிச்சென்ற நிறங்களில் பெரிய கட்டங்கள். கட்டம் பெரிதானதால் கேமராவில் சின்னதாக, கோணலாகத் தெரிந்தாலும் பிரித்தெடுக்க முடிகிறது. கெலாக்ஸ் நிறுவனம் 2020இல் பிரிட்டனில் தானியப் பெட்டியில் சோதித்தபோது சுமார் 3 மீட்டர் தள்ளியிருந்தே போன் அதைப் படித்தது.

காதையும் விட்டுவிடக் கூடாது. மாசிமிலியானோ ஸாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் இருவரும் ஆக்ஸ்போர்டில் சிப்ஸ் கடிப்பவர்களுக்கு ஹெட்போன் மாட்டி, கடிக்கும் ஒலியைக் கூட்டிக் குறைத்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஒலி கூடினால், அதிலும் கீச்சொலி கூடினால், அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகத் தோன்றியது. நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் சலசலத்ததும் நாவில் நீர் ஊறுகிறதே, அங்கேயும் முதலில் வேலை செய்வது காதுதான்.

அந்தச் சிப்ஸ் பாக்கெட்டின் வாயைத் தடவிப் பாருங்கள். சூடான உலோகத் தாடை இரண்டு தாளையும் சேர்த்து ஒட்டிய இடத்தில் வரிவரியாக மேடு இருக்கும். உறையிலேயே விறைப்பான இடம் அது. அங்கே ஓர் அரைவட்ட வெட்டு போட அச்சில் சிறு மாற்றம் போதும். உப்புக்கு ஒரு வெட்டு, சர்க்கரைக்கு இரண்டு.