"முந்தியும் குடிச்சவர், ஒண்டும் செய்யேல்லையே டொக்டர்"

இதை எழுதாம இருக்க ஏலாது, ஏனெண்டா இந்தக் கிழமையும் ஒரு கேஸ். தொண்டை நோவுக்கு வீட்டில மிஞ்சிக் கிடந்த அமொக்சிசிலின் எண்ட பென்சிலின் வகைக் குளிசையில ஒண்டை எடுத்துப் போட்டிருக்கிறார், கொஞ்ச நேரத்தில உள்ளங்கை கடிக்கத் தொடங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கி, குரல் அடைச்சு, ஓட்டோவில தூக்கிக்கொண்டு வந்தவை. பிரஷர் நல்லா விழுந்திட்டுது. தொடையில அட்ரினலின் ஏத்தி, சேலைன் ஓடவிட்டு, ஆள் தப்பிட்டார். மனிசி அழுதழுது திருப்பித் திருப்பிச் சொன்னது ஒண்டுதான், முந்தியும் உதே குளிசைதானே குடிச்சவர், அப்ப ஒண்டும் செய்யேல்லையே எண்டு.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. அப்ப ஒண்டும் செய்யேல்லை எண்டா அலர்ஜி இல்லை எண்டு அர்த்தம் இல்லை. முந்திக் குடிச்சதாலதான் இப்ப அலர்ஜியே வந்திருக்கு!

கிருமி வந்தா வெள்ளைக் குருதிக் கலங்கள் சண்டை பிடிக்கும் எண்டது எல்லாருக்கும் தெரியும், அதை விடுவம். பென்சிலின் சரியான சின்ன மூலக்கூறு, தனிய வந்தா உடம்பு அதைக் கவனிக்கவே மாட்டுது. ஆனா அது எங்கட சொந்தப் புரதத்தில போய் ஒட்டினவுடன அந்தப் புரதமே வேற ஆள் மாதிரித் தெரியும். சில பேரின்ர உடம்பு அதுக்கு எதிரா ஐஜிஈ எண்ட பிறபொருளெதிரியை (எதிர்ப்புப் புரதத்தை) செய்யத் தொடங்கும். அதுக்குக் கிழமைக் கணக்கில எடுக்கும், அதுக்குள்ள நீங்கள் குளிசையை முடிச்சு, நோய் மாறி, வேலைக்கும் போயிடுவீங்கள், வெளியில ஒரு அறிகுறியும் இல்லை. செய்த ஐஜிஈ தோல், குடல், சுவாசப்பை எல்லாத்திலயும் ஹிஸ்டமின் எண்ட இரசாயனத்தை நிரப்பி வச்சிருக்கிற மாஸ்ட் கலங்களில ஏறிக் குந்திக்கொண்டிருக்கும். அடுத்த முறை அதே மருந்து வந்தா நிமிசக் கணக்கில அந்தக் கலங்கள் எல்லாம் ஒரேயடியா ஹிஸ்டமினைக் கொட்டும். பிரஷர் விழுறதும் தொண்டை வீங்கிறதும் அதாலதான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1902இல பிரான்ஸ் நாட்டு சார்ள்ஸ் ரிஷேயும் போல் போர்ட்டியேயும் கடல் அனிமனியின்ர நஞ்சை நாய்களுக்கு ஏத்திப் பாத்தவை, பழக்கினா தாங்கும் எண்டு நினைச்சு. முதல் ஊசியைத் தாங்கின நாய், மூண்டு கிழமை கழிச்சுக் கொஞ்சமா ஏத்தின ரெண்டாவது ஊசியில கொஞ்ச நேரத்திலயே செத்துப்போச்சு. ரிஷேக்கு 1913இல நோபல் பரிசு குடுத்தவை. நாங்கள் இன்னும் "போன முறை ஒண்டும் செய்யேல்லை" எண்டு நிக்கிறம்.

குளவிக்கும் இதுதான். பனையில கூடு கட்டியிருக்கிற குளவி முதல் குத்தேக்க கை வீங்கினதோட போயிருக்கும், அடுத்த முறையும் அப்பிடியே போகும் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. றால், நண்டு, கணவாயும் அப்பிடித்தான், இருவது வருசமா றால் போட்ட கூழ் குடிச்ச ஆளுக்கும் ஒருநாள் றாலால வரலாம். (சூரை மீன் திண்டு முகம் சிவந்து தலையிடிச்சா அது பெரும்பாலும் அலர்ஜி இல்லை, ஐஸ் போடாம வச்ச மீனில ஹிஸ்டமின் கூடியிருக்கும், காய்ச்சினாலும் அது போகாது.)

"உடம்பில எதிர்ப்புச் சக்தி காணாது, அதுதான் அலர்ஜி" எண்டு சத்து மா வாங்கிக் குடுக்கிற ஆக்களே, தயவுசெய்து வேண்டாம். இங்க சக்தி குறையேல்லை, தேவையில்லாத இடத்தில பாயுது.

பைரிட்டன் (ஹிஸ்டமினைத் தடுக்கிற குளிசை) போட்டுப் பாப்பம் எண்டு வீட்டில இருக்கிறதையும் விடுங்கோ. கடிக்கும் தடிப்புக்கும் அது சரி, அடைக்கிற தொண்டைக்கும் விழுற பிரஷருக்கும் அது உதவாது, அதுக்கு அட்ரினலின் மட்டும்தான். மூச்சு முட்டினா, குரல் மாறினா, தலை சுத்தினா உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. ஆளைப் படுக்க வச்சுக் காலை உயத்துங்கோ, மூச்செடுக்கக் கஷ்டமெண்டா இருத்துங்கோ, எழுப்பி நடக்க மட்டும் வைக்காதேங்கோ, எழும்பின உடன இதயம் நிண்டு போன ஆக்கள் இருக்கினம்.

பெரிய கரைச்சல் என்னெண்டா, என்ன மருந்து எண்டு கேட்டா "சிவப்பும் மஞ்சளுமா ஒரு குளிசை" எண்டுதான் பதில் வருது. பேர் எழுதாத பொலித்தீன் பக்கெட்டில குளிசை குடுத்தா வாங்காதேங்கோ, பேரை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கோ, கேக்கிறது உங்கட உரிமை. குளொக்சசிலினும் ஒக்மென்ரினும் பென்சிலின் குடும்பம்தான், இது தெரியாமலே கனபேர் மாத்திக் குடிக்கினம். ஒருக்கா அலர்ஜி வந்தா மருந்தின்ர பேரைக் கிளினிக் கொப்பியின்ர முன்பக்கத்தில பெரிசா எழுதுவியுங்கோ, வீட்டு ஆக்களுக்கும் சொல்லி வையுங்கோ. ஆனா குளிசை குடிச்சு வயித்தால போனதை அலர்ஜி எண்டு எழுதாதேங்கோ, பிறகு தேவையான நேரத்தில நல்ல மருந்து தர ஏலாமப் போயிடும்.

கடைசியா ஒரு கெஞ்சல். ஊசி போட்டுச் சுகமான உடன கையெழுத்து வச்சிட்டு வீட்ட போகப் பாக்காதேங்கோ. சிலருக்குச் சில மணித்தியாலம் கழிச்சு, மருந்தைத் திருப்பிக் குடிக்காமலே, ரெண்டாவது முறையும் வரும். அண்டைக்கு ராத்திரி வோர்ட்டிலயே இருங்கோ, பிள்ளையளை ஆரும் சொந்தக்காரர் பாத்துக்கொள்ளுவினம்.