பாய்லருக்கு 80, ஜெனரேட்டருக்கு 38: எது நல்ல மெஷின்?

திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பட்டறைகளில் எரிசக்தித் தணிக்கைக்குப் போனால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "பாய்லர் 80 பர்சென்ட் காட்டுதுங்க, ஜெனரேட்டர் 38 தான் காட்டுது. ஜெனரேட்டரை மாத்திரலாமுங்களா?"

மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். இரண்டும் சதவீதம் என்றாலும் இரண்டும் ஒரே கணக்கு அல்ல.

ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வரும் வெப்பம் ஏறக்குறைய 10 யூனிட். நல்ல ஜெனரேட்டர் அதிலிருந்து மூன்றரை முதல் நான்கு யூனிட் மின்சாரம் தரும். மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போய்விடும். தயாரித்தவர் திறமை போதாமல் இப்படி ஆகவில்லை. சாதி கார்னோ என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் 1824-லேயே இதற்கு ஓர் எல்லை இருப்பதைக் காட்டிவிட்டார். வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எஞ்சினும் சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் இரண்டின் வெப்பநிலை விடுகிற அளவுக்குத்தான் வேலை தரும். உராய்வே இல்லாத எஞ்சினைச் செய்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது.

நம் பட்டறை நீராவிக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 பார் அழுத்தத்தில் நீராவி 170 டிகிரி, வெளியே 30 டிகிரி. கெல்வினில் (டிகிரியோடு 273 கூட்டி) சொன்னால் 443, 303. 303-ஐ 443-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.316. அந்த நீராவியின் வெப்பத்தில் அதிகபட்சம் 32 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்ற முடியும். 60 டிகிரி சாயத் தொட்டிக்கு இதே கணக்கைப் போட்டால் 9 சதவீதம் வரும்.

இனி பாய்லருக்கு வருவோம். உள்ளே எரிகிற தீ ஆயிரம் டிகிரிக்குப் பக்கம். அதை 170 டிகிரி நீராவியாக்கி, கடைசியில் 60 டிகிரி தண்ணீரைச் சுடவைக்கிறோம். வெப்பத்தின் அளவை மட்டும் எண்ணினால் நூறில் எண்பது வந்து சேர்ந்துவிட்டது. அதன் தரமோ பாதாளத்துக்குப் போய்விட்டது. ஆயிரம் டிகிரியில் அந்த வெப்பத்தின் முக்கால் பங்கை வேலையாக்கும் வாய்ப்பு இருந்தது. தொட்டியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் 1865-ல் எண்ட்ரோப்பி என்று பெயர் வைத்தது, வெப்பம் தரம் இழக்கும் இந்தக் கணக்குக்குத்தான். வெப்பம் சூட்டிலிருந்து குளிர்ச்சிக்குத் தானாக இறங்கும், எண்ட்ரோப்பி கூடும். அதைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டுமென்றால் வெளியிலிருந்து வேலை கொடுத்தாக வேண்டும். இந்தக் கண்ணால் பார்த்தால், 38 காட்டும் ஜெனரேட்டர் 80 காட்டும் பாய்லரைவிடக் கெட்டிக்கார மெஷின்.

அதற்காகப் பாய்லரைக் கழற்றிப் போடச் சொல்லவில்லை. சாயத்துக்கு வெப்பம் வேண்டும், பாய்லர்தான் தரும். ஆனால் அந்த 80 எப்படி வந்தது என்று கேளுங்கள். "எங்க பாய்லர் 90-க்கு மேலங்க" என்று விற்க வருபவரிடம், எரிபொருளின் மொத்தக் கலோரி மதிப்பில் (எரித்தால் வரும் முழு வெப்பத்தில்) கணக்கா, நிகர மதிப்பில் கணக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நிகர மதிப்பில் எரிபொருளின் ஈரம் ஆவியாகப் போகும் வெப்பம் கணக்கிலேயே வராது, அதனால் சதவீதம் கூடித் தெரியும். விறகு பாய்லரில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

விறகு என்றதும் நான் அதிகம் சண்டை போடும் இடம் வந்துவிட்டது. சவுக்கோ சீமைக்கருவேலமோ, எடைமேடையில் லோடு ஏற்றி டன் கணக்கில்தான் வாங்குகிறோம். ஐப்பசி மழையில் நனைந்து வந்த விறகில் 40 சதவீதம் ஈரம் இருந்தால், ஒரு டன்னில் 400 கிலோ தண்ணீர். விறகு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கியிருக்கிறோம். தொல்லை அதோடும் முடியாது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் புகைபோக்கி வழியே அனுப்ப, மீதமிருக்கும் 600 கிலோ கட்டையில் 50, 60 கிலோவை எரிக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர 290 கிலோஜூல் போதும். நூறு டிகிரியில் அதை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். பணத்தைத் தின்பது அந்த இரண்டாவது எண்தான்.

சோதிப்பது சுலபம். லோடின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் பிளந்து, சிம்பு சிம்பாக்கி எடை போடுங்கள். லேப் ஓவனில் 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை காயவையுங்கள். குறைந்த எடைதான் ஈரம். சாயப்பட்டறையில் லேப் இருக்கும், ஓவனும் இருக்கும், யாரும் விறகை உள்ளே வைப்பதில்லை. ஒரு கூரைக் கொட்டகை போட்டுச் சில வாரம் காயவிட்டாலே பெரிய மாற்றம் தெரியும்.

அப்புறம் குழாய்கள். 4 அங்குல நீராவிக் குழாய் மேலுறை இல்லாமல் 170 டிகிரியில் நின்றால், மீட்டருக்கு முக்கால் கிலோவாட்டுக்கு மேல் போகும். மீட்டருக்கு ஓர் இஸ்திரிப் பெட்டியை இரவு பகலாக ஆன் செய்து வைத்த மாதிரி. இதில் பாதிக்கு மேல் கதிர்வீச்சாகவே போகிறது. நேர்க்குழாய்க்கு ராக்வுல் சுற்றி அலுமினியத் தகடும் போட்டுவிடுவார்கள். வால்வையும், குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் பிளாஞ்சையும் "கழற்ற வேண்டியிருக்கும்" என்று அப்படியே விடுவார்கள். கழற்றி மாட்டும் உறை இருக்கிறது, வாங்கிப் போடுங்கள்.

ஸ்டீம் டிராப் என்பது நீராவியை விடாமல், அது குளிர்ந்து நீரானதை மட்டும் வெளியே விடும் வால்வு. அது பழுதானால் கண்ணுக்குத் தெரியாது. 3 மில்லிமீட்டர் ஓட்டையில் 7 பார் நீராவி மணிக்குச் சுமார் 25 கிலோ கசியும். ஒரு கிலோ விறகுக்கு மூன்றரை கிலோ நீராவி என்று வைத்தால், ஒரு நாளைக்கு 170 கிலோ விறகு. டிராப் சரியாக இருந்தால் அது வெளியே விடும் சுடுநீரை, அதாவது கண்டன்சேட்டை, சாக்கடையில் விடாமல் பாய்லருக்குத் தண்ணீர் போகும் ஃபீட் டேங்குக்குத் திருப்புங்கள். ஃபீட் தண்ணீர் 6 டிகிரி கூடினால் எரிபொருளில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சம். பாய்லர் டியூபில் படியும் உப்புக்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் எஃகை ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. விறகுச் செலவைவிட எனக்கு அதில் பயம் வேறு: வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் தேங்கி டியூப் சூடேறினால், இரும்பு இளகி வெடிக்கும்.

புகைபோக்கியில் 220 டிகிரி காட்டினால், புகையின் சூட்டை எடுத்து ஃபீட் தண்ணீரைச் சுடவைக்கும் எக்கனாமைசர் போடலாம். புகையில் 22 டிகிரி குறைந்தால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம் என்பது களத்தில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் 80 டிகிரி வரை இறக்கித் தருகிறேன் என்பவரை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். வெப்பநிலை வித்தியாசம் குறையக் குறைய அதே வெப்பத்தை எடுக்க எக்கனாமைசரின் பரப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், விலையும் கூடவே ஏறும். ஃபர்னஸ் ஆயில் எரிப்பவர்களுக்கு இன்னொன்று: அதிலுள்ள கந்தகம் புகை குளிர்ந்ததும் அமிலமாகித் தகட்டை அரிக்கும். அவர்கள் 170 டிகிரிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது.