நடுவில் புகுந்தவரைத் தடுக்க வேண்டியது யார்?

வரிசை நீள்வதற்கு முதல் காரணம் கணக்கு. அக்னர் கிராருப் எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்பவர்கள் அதிகம் காத்திருக்க வேண்டாம் என்று கணக்கிடுவது அவர் பொறுப்பு. 1909-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் வரிசைகளைப் பற்றிய கணிதம் வளரத் தொடங்கியது. அது சொல்லும் முக்கியமான உண்மை, கவுன்டரில் வேலை ஏற ஏறக் காத்திருப்பு படிப்படியாகக் கூடுவதில்லை, ஒரு கட்டத்துக்குமேல் தாவி ஏறுகிறது என்பது.

ஒரே கவுன்டர், ஒருவருக்குச் சராசரியாக 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் முன்னும் பின்னுமாக வருகிறார்கள், ஒவ்வொருவரின் வேலையும் ஒவ்வொரு அளவு. கவுன்டர் பாதி நேரம்தான் வேலையாக இருக்கிறது என்றால் சராசரிக் காத்திருப்பு 3 நிமிடம். அதுவே 80 சதவீதம் என்றால் 12 நிமிடம், 90 சதவீதம் என்றால் 27 நிமிடம். 95 சதவீதத்தைத் தொட்டால் 57 நிமிடம்! கவுன்டரில் இருப்பவர் அவ்வப்போது சும்மா இருப்பதை வீண் என்று நினைத்து ஆளைக் குறைக்கும் நிர்வாகம் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறது. அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் திடீர்க் கூட்டத்தைத் தாங்குகிறது.

வரிசையில் நாம் மரியாதை என்று சொல்லும் பல பழக்கங்களும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. கவுன்டருக்குப் போன பிறகு ஒருவர் பையைத் திறந்து 40 விநாடி அட்டையைத் தேடுகிறார். பின்னால் 15 பேர் நிற்கிறார்கள் என்றால், அந்த 40 விநாடி பதினைந்து பேருக்கும் தனித்தனியாகக் கூடுகிறது. மொத்தம் 10 நிமிடம். முன்னால் இருவர் இருக்கும்போதே காகிதங்களைக் கையில் எடுத்துவிடுவது எளிதான வழி.

எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. முன்னால் நிற்பவர்களை எண்ணுங்கள். அடுத்து மூன்று நான்கு பேர் வேலை முடிந்து போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரே ஒருவரை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். மூன்று பேருக்கு 6 நிமிடம், முன்னால் 12 பேர் என்றால் ஏறத்தாழ 24 நிமிடம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதியும் இந்த உறவைத்தான் சொல்கிறது: வரிசையின் சராசரி நீளம், வரும் வேகத்தைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கினால் கிடைக்கும். கணக்கு பிசகுவது பெரும்பாலும் எண்ணும்போது. நால்வராக நிற்கும் ஒரு குடும்பம் ஒரே வேலைக்காக வந்திருக்கலாம்; தனியாக நிற்பவர் கையில் பத்து விண்ணப்பங்கள் இருக்கலாம். தலைகளை விட்டுவிட்டு வேலைகளை எண்ண வேண்டும்.

மூன்று கவுன்டருக்கு மூன்று வரிசை இருந்தால், நம் வரிசையே மற்ற இரண்டையும் முந்த மூன்றில் ஒரு வாய்ப்புதான். பக்கத்து வரிசை எப்போதும் வேகமாக நகர்வதுபோலத் தோன்றுவது பிரமை அல்ல. எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து, காலியாகும் கவுன்டருக்கு அடுத்தவரை அனுப்பினால் பின்னால் வந்தவர் முந்திப் போக வழியே இல்லை. ஆனால் பார்ப்பதற்கு அந்த வரிசை மிக நீளமாகத் தெரியும். வந்தவர் சிலர் மலைத்துத் திரும்பிவிடுவார்கள்.

இனி மனிதர்கள் பக்கம் வருவோம். கயிறோ கோடோ இல்லாத இடத்திலும் வரிசை நிற்கிறது. அதைத் தாங்குவது உடல் காட்டும் குறிப்புகள். தோளும் பாதமும் கவுன்டரை நோக்கி இருந்தால் அவர் வரிசையில் இருக்கிறார். உடல் பக்கவாட்டில் திரும்பி, பார்வை சுவரிலோ அறிவிப்புப் பலகையிலோ இருந்தால் சந்தேகம். இடைவெளியும் பேசும். முன்னவரை உரசி நின்றால் அது நெருக்கடி, இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டால் அது அழைப்பு. பெரும்பாலான குழப்பம் பிறப்பது, செல்போனில் மூழ்கியவர் முன்னவர் நகர்ந்ததைக் கவனிக்காமல் விடும் அந்த இடைவெளியில்தான். புதிதாக வருபவருக்கு வரிசை அங்கேயே முடிவதுபோலத் தெரியும், அவர் நல்லெண்ணத்தோடேயே அதில் வந்து நிற்பார். “நீங்க வரிசையில நிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டால் பாதிச் சண்டை தவிர்ந்துவிடும்.

தெரிந்தே புகுபவரை என்ன செய்வது? உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் குழுவினரும் நியூயார்க் நகரில் 129 வரிசைகளில் ஆட்களை வேண்டுமென்றே நடுவில் நுழையவைத்துப் பார்த்து, முடிவுகளை 1986-இல் வெளியிட்டார்கள். ஒருவர் மட்டும் நுழைந்தபோது 54 சதவீத வரிசைகளில்தான் எதிர்ப்பு எழுந்தது. இருவராக நுழைந்தபோது அது 91 சதவீதத்தைத் தாண்டியது. எதிர்த்தவர்களில் அதிகம் பேர், நுழைந்தவருக்கு நேர் பின்னால் நின்றவர்கள். முன்னால் நின்றவர்களுக்கு இழப்பு இல்லை, அவர்கள் பெரும்பாலும் பேசவில்லை. ஒருவர் மட்டும் நுழைந்து, அவருக்கு அடுத்தபடியாக ஆய்வுக் குழுவைச் சேர்ந்த இருவரே வாய் திறக்காமல் நின்றபோது எதிர்ப்பு 5 சதவீதமாகச் சரிந்துவிட்டது. பின்னால் இருந்த மற்ற எல்லோருக்கும் இழப்பு அதேதான். ஆனாலும் நேர் பின்னால் நிற்பவர் பேசாவிட்டால், வந்தவர் அவருக்குத் தெரிந்தவராக இருக்கும் என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அதனால், உங்களுக்கு நேர் முன்னால் ஒருவர் நுழைந்தால் பேச வேண்டியவர் நீங்கள்தான். உடனே பேசுவது முக்கியம். இரண்டு மூன்று அடி நகர்ந்த பிறகு பேசினால் ஒப்புக்கொண்ட பிறகு தகராறு செய்வதுபோலாகும். “வரிசை அங்க முடியுதுங்க” என்று கையைக் காட்டினால் போதும். தெரியாமல் வந்ததாகச் சொல்லி விலக அவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. “அறிவில்லையா?” என்று ஆரம்பித்தால், அவர் விலகுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும், விலகமாட்டார்.

சிறிது நேரம் வெளியே போய்வர வேண்டுமானாலும் சொல்ல வேண்டியது நேர் பின்னால் இருப்பவரிடம்தான். திரும்பி வரும்போது தடுக்கக்கூடியவர் அவர்தானே. உளவியலாளர் லியான் மான், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கால்பந்து டிக்கெட்டுக்காக இரவு முழுக்க நின்ற வரிசைகளை ஆராய்ந்து 1969-இல் எழுதியபோது, மக்கள் முறைவைத்து மாறிமாறி நின்றதையும் பொருள்களை வைத்து இடம் பிடித்ததையும் பதிவு செய்தார். யாரும் சட்டம் போடவில்லை, அவர்களே வகுத்துக்கொண்ட ஏற்பாடு.

அவசரத்தில் முன்னால் விடச் சொல்லிக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உளவியலாளர் எலன் லாங்கர் குழுவினர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், நகலெடுக்கும் இயந்திரத்தருகே 5 பக்கத்துக்கு வெறுமனே அனுமதி கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள். அவசரம் என்று காரணம் சேர்த்தபோது 94 சதவீதம். “நகலெடுக்க வேண்டும்” என்ற பொருளற்ற காரணத்துக்கும் 93 சதவீதம் கிடைத்தது. பலர் இந்த ஆய்வை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 20 பக்கம் என்று கேட்டபோது பொருளற்ற காரணம் எடுபடவே இல்லை: காரணம் சொல்லாதபோதும் 24, பொருளற்ற காரணத்துக்கும் 24, அவசரம் என்றபோது மட்டும் 42 சதவீதம். கேட்பது பெரிதானால் எதிரில் இருப்பவர் காரணத்தை எடைபோடத் தொடங்குகிறார். ஆகவே எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை முதலில் சொல்லுங்கள், அடுத்து உண்மையான காரணத்தை. முன்னவர் சம்மதித்தாலும், அவருக்குப் பின்னால் நிற்பவர்களும் தங்கள் நேரத்தைத்தான் தருகிறார்கள். அவர்கள் பக்கமும் திரும்பிக் கேளுங்கள்.