பழைய ஜீப் பிக்கப்ல பெரிய எஞ்சின், பவர் ஸ்டியரிங் மாத்தப் போறீங்களா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கோயம்புத்தூர் பக்கம் பழைய வண்டிங்க வேலை பாக்குற பட்டறை எங்களது. வில்லிஸ், மஹிந்திரா சிஜே 3பி, பின்னாடி பாடிய வெட்டி பிக்கப்பா மாத்தின தேயிலை எஸ்டேட் வண்டிங்க, பெரும்பாலும் இதுதான் வரும். வால்பாறை, கூடலூர் பக்கமிருந்து கொண்டு வர்றவங்களும் சரி, ஆசைக்கு வாங்கி வச்சிருக்குற டவுன் பசங்களும் சரி, கேக்குறது ஒண்ணுதான்: "அண்ணா, இதுல ஸ்கார்பியோ எஞ்சின் ஒக்காருமா, கூடவே பவர் ஸ்டியரிங்கும் போட்டுக் குடுத்துருங்க". எஞ்சினுக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுவாங்க, ஸ்டியரிங்க பத்தி ஒரு கேள்விகூட வராது. எனக்கு இதுதான் பயம், ஏன்னா எஞ்சின் மக்கர் பண்ணா வண்டி ஓரமா நிக்கும், ஆனா கொண்டை ஊசி வளைவுல டிராக் லிங்க், அதாவது ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து வீல் பக்கம் போற கம்பி, கழண்டா வண்டியை யாராலயும் திருப்ப முடியாது.

முதல்ல எஞ்சின் கணக்கு. சிஜே 3பி-ல வந்த ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் 2.2 லிட்டர், 75 குதிரைத்திறன் வாக்குல, டார்க், அதாவது சுத்துற விசை, சுமார் 155 நியூட்டன் மீட்டர். ஸ்கார்பியோவுல வந்த எம்ஹாக் டீசலும் 2.2 லிட்டர்தான், ஆனா 120 குதிரைத்திறன், 290 நியூட்டன் மீட்டர், அதாவது டார்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்த ரெண்டு மடங்கும் டி-90 மூணு கியர் பாக்ஸ், ஜாயிண்ட் கிராஸ், கிரவுன் பினியன், ஆக்ஸில் ஷாஃப்ட்னு வரிசையா போய் இறங்கும், இதுல எதுவுமே அந்த லோடுக்கு செஞ்சது கிடையாது. நிறைய இடத்துல லேத்துல ஒரு அடாப்டர் பிளேட் கடைஞ்சு புது எஞ்சினை பழைய கியர்பாக்ஸோட கோத்துடுறாங்க. கிராங்க் ஷாஃப்டும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டுல ஒக்காரலைன்னா, கொஞ்சூண்டு தள்ளி இருந்தாக்கூட ரெண்டு ஷாஃப்டும் சேர்ற இடத்துல இருக்குற ஸ்பிகாட் பேரிங் அடிவாங்கும், கிளட்ச் அதிரும், கொஞ்ச நாள்லயே இன்புட் பேரிங் சத்தம் போட ஆரம்பிச்சுடும். முடிஞ்சவரைக்கும் எஞ்சினோட பொறந்த கியர்பாக்ஸையே சேத்து வாங்குங்க, செலவு கூடத்தான், ஆனா அது ஒரு தடவை செலவு.

இன்னொண்ணு, ஆக்ஸில் ரேஷியோ. இந்த வண்டிங்கள்ல ஒரிஜினலா இருக்குறது 5.38, அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஷாஃப்ட் 5.38 சுத்து சுத்துனா வீல் ஒரு சுத்து சுத்தும். பழைய 16 இன்ச் டயரோட டாப் கியர் நேர் கியரா இருந்தா, 80 கிலோமீட்டர் வேகத்துல எஞ்சின் 3,200 ஆர்பிஎம் கிட்ட சுத்திட்டு இருக்கும். பெட்ரோல் எஞ்சின் அதைத் தாங்கும், பழைய 2523 சிசி டிஐ டீசலைப் போட்டீங்கன்னா அது கிட்டத்தட்ட கத்திட்டே ஓடும். "எஞ்சின் பெருசாக்கியும் வண்டி ஓட மாட்டேங்குதேண்ணா"ன்னு வர்றவங்க வண்டியில பிரச்சனை பெரும்பாலும் இதுதான், எஞ்சின் மேல தப்பே இல்ல. ரேஷியோவ மாத்துனா ஓடும், அப்புறம் பிரேக் பத்தாது.

பிரேக்கை அதனாலதான் எஞ்சினுக்கு முன்னாடியே பேசணும்னு சொல்றேன். ஆரம்பகால வண்டிங்கள்ல 9 இன்ச் டிரம், ஃப்ளோருக்கு அடியில ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், எங்கயாவது ஒரு இடத்துல லீக் ஆனா நாலு வீல்லயும் பிரேக் கிடையாது. 60-ல ஓடுன வண்டி 90-ல ஓடுச்சுன்னா நிறுத்த வேண்டிய சக்தி ஒண்ணரை மடங்கு இல்ல, ரெண்டே கால் மடங்கு. ரெண்டு சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர், முன்னாடி டிஸ்க், வேக்கத்துல வேலை செஞ்சு பிரேக் மிதியை லேசாக்குற பூஸ்டர், இதெல்லாம் ஆடம்பரம் கிடையாது. டீசல் எஞ்சின்ல பெட்ரோல் மாதிரி வேக்கம் தானா வராது, தனியா வேக்கம் பம்ப் வேணும், சில எஞ்சின்ல அது ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கும், அந்த மாதிரி எஞ்சினை மட்டும் காயலான் கடையில வாங்கிட்டு வேற ஆல்டர்னேட்டர் மாட்டுனா பூஸ்டர் சும்மா ஒரு டப்பாவா தொங்கும்.

இப்ப ஸ்டியரிங். பழைய ஜீப்புல ராஸ் டைப் கேம் அண்ட் லிவர் ஸ்டியரிங் பாக்ஸ், அதுல இருந்து டிராக் லிங்க் முன்னாடி போய் பெல் கிராங்கை, அதாவது நடுவுல ஒரு அச்சுல திரும்புற லிவரை, தள்ளும், பெல் கிராங்க்ல இருந்து ரெண்டு டை ராடு ரெண்டு வீலுக்கும் போகும். எண்ணிப் பாருங்க எத்தனை ஜாயிண்ட்னு, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டம் சேர்ந்தா ஸ்டியரிங் வீல்ல கால் சுத்து பிளே வந்துடும். "ஸ்டியரிங் கனமா இருக்கு, பவர் போடுங்க"ன்னு வர்ற வண்டியில நான் முதல்ல செய்யுறது முன் ஆக்ஸிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ரெண்டு வீலையும் கையால ஆட்டிப் பாக்குறது. வீல் திரும்புற அச்சான கிங்பின்னோட பேரிங் துருப்பிடிச்சு இறுகியிருக்கும், பெல் கிராங்க் புஷ் தேஞ்சு ஓவலாகியிருக்கும், பாக்ஸ்ல ஆயிலே இருக்காது. இதையெல்லாம் மாத்தி, டோ-இன் (முன் வீல் ரெண்டும் முன்பக்கம் லேசா உள்ள பாக்குற அளவு) செட் பண்ணி, டயர்ல காத்து சரியா வச்சு ஓட்டிப் பாத்துட்டு "பவர் வேண்டாம்ணா, இதுவே போதும்"னு போனவங்க உண்டு. எங்களுக்கு பில்லு குறையும், பரவால்ல. இந்த ஆட்டத்தை சரி பண்ணாம மேல பவர் ஸ்டியரிங் போட்டா, ஹைட்ராலிக் அந்த ஆட்டத்தை உங்க கையில இருந்து மறைச்சுடும், ரோட்டுல இருந்து மறைக்காது.

பவர்தான் வேணும்னா பாக்ஸை எங்க, எந்தப் பக்கம் பாத்து மாட்டுறோம்கிறது முதல் கேள்வி. வேற வண்டி பாக்ஸை உக்கடத்துலயோ புதுப்பேட்டையிலயோ பழைய சாமான் கடையில வாங்கி, இடம் கிடைச்ச பக்கம் திருப்பி மாட்டுனா பாக்ஸ்ல இருந்து டிராக் லிங்க்கைத் தள்ளுற பிட்மேன் ஆர்ம் எதிர்ப்பக்கம் ஆடும், அதாவது லெஃப்ட்ல திருப்புனா வண்டி ரைட்ல போகும். சிரிக்காதீங்க, பட்டறைக்குள்ள வண்டியை நகத்தும்போதுதான் இதைக் கண்டுபிடிப்பாங்க.

அடுத்தது சேஸ். பழைய பாக்ஸை உங்க கை பலம் மட்டும்தான் தள்ளிட்டு இருந்துச்சு. பவர் பாக்ஸ்ல பம்ப் பிரஷர் 80, 100 பார்னு ஏறும், வீல் ஒரு கல்லுல முட்டி நிக்கும்போது அந்த மொத்த விசையும் பாக்ஸை மாட்டுன நாலு போல்ட் வழியா சேஸைத்தான் இழுக்கும். அந்தக் காலத்து ஜீப் சேஸ் தகடு அதுக்கு மெல்லிசு, ஓட்டையைச் சுத்தி விரிசல் விடும். ரெண்டு பக்கமும் தடிமனான பிளேட், போல்ட் போற ஓட்டைக்குள்ள ஸ்லீவ், எதிர்ப்பக்க சேஸுக்கு ஒரு குறுக்கு பிரேஸ், ஹை டென்சைல் போல்ட், இது நாலும் இல்லாம டெலிவரி எடுக்காதீங்க. நீங்களே செக் பண்ணலாம்: எஞ்சின் ஓடட்டும், வண்டி நிக்கட்டும், ஒருத்தர் ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பட்டும், நீங்க டார்ச் அடிச்சு பாக்ஸும் சேஸும் சேர்ற இடத்தையே பாருங்க. பாக்ஸ் லேசா மூச்சு விடுற மாதிரி அசைஞ்சாக்கூட வேலை முடியலைன்னு அர்த்தம்.

டிராக் லிங்க்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதுறதுக்கே காரணம். வேற பட்டறையில பவர் ஸ்டியரிங் போட்ட ஒரு எஸ்டேட் பிக்கப், "பிரேக் பிடிச்சா ஒரு பக்கம் இழுக்குது"ன்னு வந்துச்சு. கீழ படுத்துப் பாத்தா டிராக் லிங்க் பளபளன்னு கருப்பு பெயிண்ட்ல அழகா இருக்கு. ஆனா நடுவுல விரலை வச்சு உருட்டுனா ஒரு இடத்துல மட்டும் மெல்லிசா ஒரு மேடு தட்டுபடுது. பெயிண்டை சுரண்டுனேன், முடி கனத்துக்கு ஒரு கோடு, அதுல இருந்து துரு கசிஞ்சிருக்கு. நீளம் பத்தலைன்னு நடுவுல வெட்டி ஒரு துண்டு பைப்பைச் சேத்து வெல்டிங் வச்சு, கிரைண்டர் போட்டு மழமழன்னு தேச்சுட்டாங்க, தேக்கும்போது பிடிச்சிருந்த வெல்டிங்லயும் பாதி போயிடுச்சு. கழட்டி குறுக்க அறுத்து ஓனர்கிட்ட காட்டுனேன், வெளித்தோல் மட்டும்தான் பிடிச்சிருக்கு, உள்ள ரெண்டு பைப்பும் ஒட்டாம தனித்தனியா நிக்குது. அந்த வண்டி தெனமும் ஆளுங்களை ஏத்திட்டு மலை இறங்கிட்டு இருந்த வண்டி.

தயவுசெஞ்சு இதை மட்டும் மனசுல வைங்க. டிராக் லிங்க், டை ராடு, பிட்மேன் ஆர்ம், நக்கிள் ஆர்ம் இதுல எதுலயும் வெட்டி ஒட்டுற வேலை கூடாது. கேஸ் வச்சு பழுக்கக் காய்ச்சி வளைக்கவும் கூடாது, பிட்மேன் ஆர்ம் ஃபோர்ஜிங் பண்ணி ஹீட் ட்ரீட்மெண்ட் குடுத்த சாமான், சிவக்கச் சிவக்க சூடு பண்ணா அந்த பலம் போயிடும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. நீளம் மாத்தணும்னா தடிமனான ஜாயிண்ட் இல்லாத பைப்பை முழு நீளத்துக்கு வாங்கி, ரெண்டு முனையிலயும் லேத்துல லெஃப்ட் திரெட், ரைட் திரெட் வெட்டி, நல்ல கம்பெனி டை ராடு எண்டு போட்டு லாக் நட் டைட் பண்ணணும், நட் கழலாம தடுக்குற காட்டர் பின் கட்டாயம். லேத்துல ஒரு நாள் வேலைதான் இது.

பிரேக் பிடிச்சா இழுக்குறதுக்கு வருவோம். லீஃப் ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்ஸில் ஒரு வட்டப்பாதையில நகரும், டிராக் லிங்க் தன்னோட வட்டத்துல நகரும், ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ஸ்டியரிங்கை நீங்க திருப்பாமலே வீல் திரும்பும். பாக்ஸை உசரத்துல மாட்டி டிராக் லிங்க் சரிவா இறங்குனா இதுதான் நடக்கும். பிக்கப்ல இன்னொரு சிக்கல், காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் முன்பக்க உசரம் மாறும். காலி வண்டியில அலைன்மெண்ட் பாத்துட்டு அனுப்பிடுறாங்க, தேயிலை மூட்டை ஏத்துனதும் வேற வண்டியாயிடுது. லோடு வச்சு ஒரு தடவை, காலியா ஒரு தடவை ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க.

காஸ்டர் ஆங்கிளும், அதாவது கிங்பின் பின்னாடி சாஞ்சிருக்குற கோணமும், அப்படித்தான். பழைய ஜீப்புக்கு குடுத்தது 3 டிகிரி, மேனுவல் ஸ்டியரிங் லேசா இருக்கணும்னு. பவர் போட்டதுக்கு அப்புறம் வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா நேரா வரலைன்னா ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு வச்சு கொஞ்சம் கூட்டலாம், ஆனா ஃபோர் வீல் வண்டியில அப்படிக் கூட்டுனா முன் பினியன் கீழ சாயும், ஜாயிண்ட் கிராஸ் ஆங்கிள் கெடும். ரெண்டையும் சேத்துப் பாத்து செய்யுற ஆளாப் பாருங்க.

ஸ்டியரிங் காலம்ல இருந்து பாக்ஸுக்குப் போற ஷாஃப்ட்ல ரெண்டு கிராஸ் ஜாயிண்ட் வந்தா ரெண்டோட ஃபோர்க்கும் ஒரே வாக்குல இருக்கணும், இல்லன்னா திருப்பும்போது ஒரு இடத்துல இறுகி ஒரு இடத்துல இலகும். சைலன்சர் பைப் அந்த ஜாயிண்ட்டையோ பிரேக் ஹோஸையோ உரசிட்டுப் போகக் கூடாது. டீசல் எஞ்சின் கனம், சம்ப் தாழ்வா தொங்கும், ஆக்ஸில் முழுசா மேல வரும்போது டிராக் லிங்க்கோ டிஃப்ரென்ஷியலோ சம்பை இடிக்குதான்னு ஸ்பிரிங்கை முழுசா அமுக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பிப் பாக்கணும். எஞ்சினுக்கும் சேஸுக்கும் நடுவுல மாட்டுற எர்த் பட்டை மறந்தா செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாப் போய் கேபிள் உருகும்.

சட்டம் பத்தியும் சொல்லியாகணும், ஏன்னா "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு சொல்ற ஏஜெண்டுங்க ஜாஸ்தி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அளவுகளுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. எஞ்சின் மாத்துறதா இருந்தா வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல உங்க வண்டிக்கு எது அனுமதின்னு எழுத்துல கேளுங்க, எஞ்சின் நம்பர் ஆர்.சி-ல ஏறணும், இன்சூரன்ஸுக்கும் எழுதிக் குடுக்கணும். 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, இல்ல ரெண்டுமோ உண்டு. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல விண்டேஜ் பதிவு வந்துச்சே, "வி.ஏ." நம்பர், அது ஒரிஜினலா இருக்குற வண்டிக்குத்தான். சேஸ், பாடி, எஞ்சின்ல கை வச்சா அந்தத் தகுதி போயிடும். ஒரிஜினல் ஹரிக்கேன் எஞ்சின் உயிரோட இருக்குற வண்டியா இருந்தா நான் எஞ்சின் மாத்தவே வேண்டாம்னுதான் சொல்லுவேன், நல்லா ஓவராயில் பண்ணி ஓட்டுங்க.

வண்டி ரெடியானதும் டிரைவரை உக்கார வச்சுப் பேசுங்க. மலை இறங்கும்போது டீசல் மிச்சம்னு எஞ்சினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விடுற பழக்கம் நிறைய எஸ்டேட் டிரைவர்களுக்கு இருக்கு. பழைய வண்டியில எஞ்சின் பிரேக்கிங் மட்டும்தான் போச்சு. இப்ப எஞ்சின் நின்னா ரெண்டு மூணு மிதியில பூஸ்டர் வேக்கம் தீரும், பம்ப் நின்னு ஸ்டியரிங் பழைய மேனுவலைவிட கல்லா இறுகும். காலி மைதானத்துல எஞ்சினை ஆஃப் பண்ணி மெதுவா உருட்டி, ரெண்டையும் அவரையே செஞ்சு பாக்கச் சொல்லுங்க.

முதல் 500 கிலோமீட்டர்ல யூ போல்ட், பாக்ஸ் போல்ட், டை ராடு லாக் நட் எல்லாத்தையும் திரும்ப டைட் பாக்கணும். டைட் பண்ணதும் நட்டுக்கும் தகடுக்கும் குறுக்கால வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க, கோடு விலகியிருந்தா நட் நகந்திருக்கு, உடனே வண்டியை எடுக்காம போன் பண்ணுங்க.