சொல் விளக்கம்: சைக்ளின்

'சைக்ளின்' என்று தமிழில் எழுதிப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது மருந்துக்கடைதான். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் எல்லாமே பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கும் மாத்திரைகள். புற்றுநோய் ஆய்வுகளில் அடிக்கடி வரும் சைக்ளினுக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது செல் எப்போது பிரிய வேண்டும் என்பதை நடத்திவைக்கும் ஒரு புரதக் குடும்பம். ஆங்கிலத்தில் மருந்துப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும், ஒலியும் நீளும். தமிழில் மருந்தைச் 'சைக்ளீன்' என்று நெடிலாக எழுதினால் குழப்பம் தீரும். ஆனால் அப்படி யாரும் எழுதுவதில்லை. அதனால் இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டன.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. கிரேக்கத்தில் 'குக்லோஸ்' என்றால் வட்டம், சக்கரம். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'சக்கரம்' அதற்கு உடன்பிறப்பு; இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து பிரிந்தவை. ஆனால் ஒரே வேரிலிருந்து இரு வேறு பொருள்கள் கிளைத்தன. மருந்தில் அது வடிவத்தைக் குறிக்கிறது: டெட்ராசைக்ளின் மூலக்கூற்றில் நான்கு வளையங்கள் ஒட்டி நிற்கின்றன, 'டெட்ரா' என்றால் நான்கு. புரதத்தில் அது காலத்தைக் குறிக்கிறது: முறை வைத்து வந்து, முறை வைத்து மறைவது. தமிழ்ச் சொல் தேடும்போது கையில் பிடித்திருக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

புரதத்துக்குப் பெயரிட்டவர் பிரிட்டன் உயிர்வேதியியலாளர் டிம் ஹன்ட். 1943-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்கு முயலின் இளம் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் உருவாவதை ஆராய்ந்தார். நெடுங்காலம் அவருடைய துறை புரத உற்பத்திதான். செல் பிரிதல் அல்ல. கருவுற்றதும் முட்டையில் புரத உற்பத்தி ஏன் திடீரென்று வேகமெடுக்கிறது என்ற கேள்வியோடு, கோடைதோறும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போய்வந்தார். சைக்ளின் அகப்பட்டது அங்கேதான், 1982 ஜூலையில், உடலெங்கும் முள் சூழ்ந்த உருண்டையான கடலுயிரான கடல் முள்ளெலியின் முட்டைகளில்.

அந்தச் சோதனையைப் புரிந்துகொண்டால் சொல்லின் பொருள் தானாக விளங்கும். பெண் கடல் முள்ளெலிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் செலுத்தினால் அது முட்டைகளைக் கொட்டிவிடும். முட்டைகளைக் கடல்நீரில் கழுவி, விந்தைக் கடைசி நேரத்தில் நீர்த்துச் சேர்ப்பார்கள். விந்து மிகுந்தால் ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் புகுந்து பிளவு தாறுமாறாகிவிடும். குறைந்தால் பாதி முட்டைகள் கருவுறாமல் நிற்கும். பிறகு கதிரியக்கக் கந்தகம்-35 ஏற்றிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்க வேண்டும். புதிதாக உருவாகும் புரதங்களில் அது போய் அமரும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை சிறிது முட்டையை எடுத்து, வேதிவினையை நிறுத்தி, மின்புலத்தில் கூழ்ப்படலத்தின் வழியே ஓடவிட்டால் புரதங்கள் அளவுவாரியாகப் பிரிந்து நிற்கும். படலத்தை உலர்த்தி எக்ஸ்ரே படச்சுருளோடு ஒட்டிவைத்தால் ஒவ்வொரு புதிய புரதமும் ஒரு கரிய பட்டையாகப் பதியும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கதிரியக்க மெத்தியோனினைச் சோதனை முழுவதும் நீரிலேயே விட்டுவைத்திருந்தார்கள். அப்படி விட்டால் பட்டைகள் நேரம் ஆக ஆகக் கறுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பட்டை வெளிறினால் அந்தப் புரதம் அழிக்கப்படுகிறது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. இதற்கு மாறாக, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் மட்டும் கதிரியக்கம் கொடுத்துப் பார்த்திருந்தால் உற்பத்தி மட்டுமே தெரியும். சைக்ளின் உற்பத்தி நிற்பதே இல்லை, ஆகவே அழிவு கண்ணில் படாமலே போயிருக்கும். முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கருவுறுவதும் இதே அளவு முக்கியம். முன்பின்னாகக் கருவுற்றால் ஒன்றில் ஏறுவதும் மற்றொன்றில் இறங்குவதும் கலந்து, பட்டை மாறாமல் நிற்பதுபோல் தோன்றும்.

ஹன்ட் கண்டது இது. மற்றப் பட்டைகள் கறுத்துக்கொண்டே போயின. ஒன்று மட்டும் கறுத்து, முட்டை இரண்டாகப் பிளப்பதற்குச் சற்று முன் மங்கி, மறுபடி கறுத்து, அடுத்த பிளவுக்கு முன் மறுபடி மங்கியது. விந்து சேராமல் வேதிப்பொருளால் தூண்டிய முட்டைகளில் இந்த ஏற்றஇறக்கம் இல்லை. 1983-இல் 'செல்' ஆய்விதழில் வெளியான கட்டுரையில் சைக்ளின் என்ற பெயர் தலைப்பிலேயே இருந்தது. மிதிவண்டி ஓட்டுவதில் தமக்கிருந்த விருப்பத்தை வைத்து விளையாட்டாக இட்ட பெயர் அது என்று 2011-இல் பிபிசி வானொலிப் பேட்டியில் ஹன்ட் சொன்னார். ஆக, 'சைக்ளின்' என்றதும் சைக்கிளை நினைக்கும் தமிழ் மாணவர் பெயரின் கதையில் ஒரு பாதியைத் தொட்டுவிடுகிறார்.

இந்தப் புரதம் தனியாக எதையும் செய்யாது. அதற்கு ஒரு கூட்டாளி உண்டு: மற்றப் புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி. சைக்ளினைச் சார்ந்த கைனேஸ் என்று பெயர், சுருக்கமாக சிடிகே. அதற்குரிய மரபணுக்களை ஈஸ்டில் லேலண்ட் ஹார்ட்வெல்லும் பால் நர்ஸும் தனித்தனியே கண்டிருந்தார்கள். 2001-இல் மருத்துவ நோபல் இந்த மூவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. சிடிகேயின் அளவு பெரிதாக மாறுவதில்லை. சைக்ளின் வந்து ஒட்டினால்தான் அது விழிக்கும். சைக்ளின் சேரச்சேரச் செல் பிரிதலுக்குள் நுழைகிறது. பிரிதலை முடித்து வெளியே வர, சைக்ளின் அழிந்தாக வேண்டும். அழிக்க வேண்டிய புரதத்தின்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஏறும். செல்லின் அரவை எந்திரமான புரோட்டியசோம் அதை நொறுக்கிவிடும். 1989-இல் கடல் முள்ளெலியின் சைக்ளின்-பி என்ற வகையில் முதல் 90 அமினோ அமிலங்களை வெட்டிவிட்டுச் சோதித்தார்கள். அழிவுக்கான குறி அந்த முனையில்தான் இருந்தது. வெட்டப்பட்ட சைக்ளின் அழியாமல் நிற்க, செல் பிரிதலின் நடுவிலேயே சிக்கிக்கொண்டது.

பழைய கட்டுரைகளைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1980-களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஆய்வு செய்தவர்கள் வேறொரு புரதத்துக்கும் இதே பெயரை வைத்திருந்தார்கள். இன்று அதைப் பிசிஎன்ஏ என்கிறோம். டிஎன்ஏ இழையைச் சுற்றி மூன்று துண்டுகள் கோத்து நிற்கும் வளையம் அது; டிஎன்ஏ நகலெடுக்கும் நொதியை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலக் கட்டுரையில் 'சைக்ளின்' என்று கண்டால் எந்தப் புரதம் என்று பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

இனித் தமிழ்ச் சொல். 'வட்டப் புரதம்', 'வளையப் புரதம்' இரண்டும் தவறு: சைக்ளின் வட்டமாக இல்லை, அந்தப் பெயர் பிசிஎன்ஏக்குத்தான் பொருந்தும். 'சுழல் புரதம்' என்றால் புரதமே சுழல்கிறது என்று ஆகிவிடும். திகிரி, ஆழி என்று சக்கரத்துக்கு நம்மிடம் அழகான பழஞ்சொற்கள் உண்டு. ஆனால் அவையும் பொருளின் வடிவத்தைத்தான் சொல்கின்றன, முறையைச் சொல்லவில்லை. கடல்நீர் ஏறி வடிவதைக் குறிக்கும் 'ஓதம்' இந்தப் புரதத்தின் போக்குக்கு மிக நெருக்கமானது. எனினும் 'ஓதப் புரதம்' என்றால் செல் சுழற்சியோடு உள்ள தொடர்பு அறுந்துபோகும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'செல் சுழற்சி' என்கின்றன. எனவே 'சுழற்சிப் புரதம்' என்பதே சரியானது. இலங்கைப் பாடநூல் மரபில் செல் 'கலம்', செல் சுழற்சி 'கலவட்டம்'. அங்கு எழுதுபவர்கள் 'கலவட்டப் புரதம்' என்றால் பொருள் கெடாது, ஏனென்றால் அந்த 'வட்டம்' வடிவத்தைச் சொல்லவில்லை. செல்லை 'உயிரணு' என்று எழுதுவதை இந்த இடத்தில் தவிர்ப்பது நல்லது; மருத்துவப் பத்திகளில் அது விந்தணுவையும் குறித்து வழங்குகிறது.

குடும்பத்தில் முக்கியமானவை டி, ஈ, ஏ, பி. செல் சுழற்சியில் அந்த வரிசையில்தான் அவை வருகின்றன. பெயருக்குச் சற்று அடங்காதது டி. செல்லை வளரச் சொல்லி வெளியிலிருந்து வரும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளின் கட்டளையைப் பார்த்து அது உருவாகிறது. கட்டளை நின்றால் விரைவில் குறைந்துவிடும், அதன் அரை ஆயுள் அரை மணி நேர அளவுதான். புற்றுநோயில் கட்டளை இல்லாமலே அது பெருகுவதைக் காண்கிறோம். மேன்டில் செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 11-ஆம், 14-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுகின்றன. சைக்ளின் டி1 மரபணு, எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மரபணுவின் ஓயாத தூண்டலுக்கு அருகில் போய் அமர்ந்துவிடுகிறது.

மார்பகப் புற்றுநோய் மருந்துகளான பால்போசைக்ளிப், ரைபோசைக்ளிப், அபெமாசைக்ளிப் பெயர்களின் ஈறும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததே. அவை சைக்ளின் டியின் கூட்டாளிகளான சிடிகே 4, 6 இரண்டையும் தடுக்கின்றன. பால்போசைக்ளிப் வழக்கமாக நாளுக்கு 125 மில்லிகிராம் வீதம் 21 நாள் கொடுத்து 7 நாள் நிறுத்தப்படுகிறது. எலும்பு மச்சையில் வெள்ளணுக்களை ஈன்றெடுக்கும் செல்களுக்கும் சிடிகே 6 வேண்டும் என்பதால் அவற்றின் எண்ணிக்கை இறங்கும். அது மீள அந்த ஒரு வாரம் தேவை.

நோய்க்கூறாய்வு அறிக்கையில் 'சைக்ளின் டி1 பாசிட்டிவ்' என்று இருந்தால், திசுவில் இந்தப் புரதம் மிகுதியாகத் தெரிந்தது என்று பொருள். அதைத் தமிழில் விளக்கும்போது 'சுழற்சிப் புரதம் டி1 மிகுந்துள்ளது' என்று எழுதி, சைக்ளின் என்ற பெயரையும் ஒருமுறை உடன் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி அதை ஏதோ ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.